தவ்ரிதா மாகாணத்தில் தாத்தார்கள் 13 வீதமா, 35 வீதமா?

கல்லாற்றுக்காரன்

வணக்கம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரஷ்யப் பேரரசு பற்றிக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். கிரிமியாவும் அதற்கு வடக்கே உள்ள புல்வெளியும் ஒரு காலத்தில் தவ்ரிதா என்ற ஒரே மாகாணமாக இருந்தன, சிம்ஃபெரோபோல் தலைநகர், அதுவரைக்கும் சரி. குடிசனத் தொகைக்கு வந்ததும்தான் தலை சுற்றுகிறது. 1897 குடிசன மதிப்பீட்டில் தாத்தார்கள் (கிரிமியாவின் துருக்கிய இன முஸ்லிம்கள்) 13.6 வீதம் என்று ஒரு இடத்தில் இருக்கிறது. இன்னொரு இடத்தில் அதே ஆண்டு, அதே மதிப்பீடு, ஆனால் 35.6 வீதம். எதை எழுதுவது? ஒன்று பொய்யா, இல்லை இரண்டுமே அரசியலா?

இன்னொன்று. அட்டவணையில் ஜேர்மனியர் 78,000, பல்கேரியர் 41,000 என்றெல்லாம் கிடக்கிறது. கருங்கடல் கரையில் இவர்களுக்கு என்ன வேலை? போன கிழமை சந்தித் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை வந்தது. ஒருவர் கிரிமியா என்றைக்கும் ரஷ்யாக்காரனின் இடம் என்று அடித்துச் சொல்ல, மற்றவர் இல்லை அது முழு முஸ்லிம் நாடு என்று நிற்க, நடுவில் நான் வரலாறு படிப்பிக்கிற ஆள் என்ற பேருக்கு வாயைத் திறக்க முடியாமல் இருந்தேன். தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள். இணைப்பை மட்டும் போட்டுவிட்டு ஓடவேண்டாம்.

வாவிக்கரை

இரண்டும் சரி சேர். 13.6 முழு மாகாணத்துக்கு, 35.6 கிரிமியக் குடாநாட்டுக்கு மட்டும்.

தவ்ரிதாவில் எட்டு மாவட்டங்கள். சிம்ஃபெரோபோல், யால்டா, ஃபியதோசியா, எவ்பத்தோரியா, பெரெகோப் என்ற ஐந்தும் கிரிமியாப் பக்கம். மெலித்தோபோல், பெர்தியான்ஸ்க், த்னீப்பர் என்ற மூன்றும் வடக்கே பெருநிலத்தில். அந்த மூன்றும் இன்றைக்கு உக்ரேனின் சப்பரோஷியா, கெர்சோன் மாகாணங்களுக்குள் வருகின்றன. இரண்டு பக்கத்தையும் இணைப்பது பெரெகோப் என்ற ஒடுங்கிய நிலப்பட்டி மட்டும்தான், சில கிலோமீற்றர் அகலம், ஒரு பக்கம் கருங்கடல், மறுபக்கம் சிவாஷ் என்ற ஆழமில்லாத உப்பு வாவி. வடக்கிலிருந்து மாட்டு வண்டிகளில் ஆட்கள் வந்து உப்பு ஏற்றிக்கொண்டு போனது அந்த வழியால்தான்.

இனிக் கணக்கு. 1897இல் முழு மாகாணத்தில் 1,447,790 பேர். அதில் தாத்தார் மொழி பேசியவர்கள் 196,854. பிரித்துப் பாருங்கள், 13.6 வருகிறது. குடாநாட்டில் மட்டும் கிட்டத்தட்ட 546,600 பேர், அதில் தாத்தார்கள் 194,000க்கு மேல், அதாவது 35.6. தாத்தார்களில் அநேகமாக எல்லோருமே குடாநாட்டுக்குள் இருந்தார்கள் என்பதையும் இதிலேயே பிடிக்கலாம், வடக்கு மூன்று மாவட்டத்திலும் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

உக்ரேனியர் பக்கம் நேர்மாறு. முழு மாகாணத்தில் அவர்கள்தான் முதலிடம், 611,000 பேர், 42 வீதம். குடாநாட்டுக்குள் வந்தால் வெறும் 11.8. மிச்சப் பேரெல்லாம் வடக்கில், அங்கே ஐந்தில் மூன்று பேர் உக்ரேனியர். ரஷ்யர் முழு மாகாணத்தில் 28 வீதம், குடாநாட்டில் 33.

இது எங்களுக்குப் புதுக் கதையா? அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. 2012 கணக்கில் அம்பாறையில் தமிழர் 17 வீதம். அதையே மட்டக்களப்போடு சேர்த்து ஒரு மாவட்டமாக நினைத்துக் கூட்டிப் பாருங்கள், 42 வீதத்தை ஒட்டி வந்து நிற்கும். ஒரு ஆள் வீடு மாறவில்லை, எல்லைக்கோடு மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே குறிப்பில் எந்த எண்ணை எழுதினாலும் எந்த எல்லை என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

சம்மாந்துறை நானா

வாவிக்கரை எல்லையைச் சொல்லிவிட்டார். அதோடு இன்னொரு விசயம் இருக்கிறது, அதை அநேகம் பேர் கவனிப்பதில்லை. 1897இல் ரஷ்யாக்காரன் நீ என்ன இனம் என்று கேட்கவே இல்லை. தாய்மொழி என்ன, மதம் என்ன, என்ன குலப்பிரிவு (பிரபுவா, குருமாரா, நகரத்தவரா, குடியானவரா) என்றுதான் படிவத்தில் இருந்தது. தொழில் என்ற இடத்தில் சார் மன்னர் இரண்டாம் நிக்கலாய் ரஷ்ய மண்ணின் எசமான் என்று எழுதிக் கொடுத்தாராம், அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிக் கதைத்தால் இந்தக் கதை வராமல் போகாது.

அந்தப் படிவத்தை இங்கே கொண்டுவந்து நீட்டினால் என்ன நடக்கும்? அம்பாறையில் முஸ்லிம்கள் 43 வீதத்துக்கு மேல், தமிழர் 17. மொழியை மட்டும் கேட்டால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் விழுந்து 60 வீதம் தமிழ் என்று வரும். மதத்தைக் கேட்டால் வேறு படம். எங்கள் திணைக்களம் இனம் என்று ஒரு கேள்வி வைத்திருப்பதால் இரண்டு பெட்டியாக இருக்கிறோம்.

தவ்ரிதாவில் இது எங்கே தட்டுப்படுகிறது தெரியுமா? தாத்தார் மொழி பேசியவர்களின் தொகை முஸ்லிம்களின் தொகையை விடச் சில ஆயிரம் கூட. ஏனென்றால் கராயிம் என்று ஒரு கூட்டம், வேதம் எபிரேய வேதாகமம் மட்டும்தான், யூத குருமாரின் தல்மூதை ஏற்காதவர்கள், வீட்டில் பேசியது தாத்தார் சாயலான துருக்கிய மொழி. தவ்ரிதாவில் மட்டும் 6,000 பேரளவில், முழுப் பேரரசிலுமே 13,000க்கு உட்பட்டவர்கள். அதே மாதிரி கிரிம்சாக் என்ற யூதர்கள், அவர்கள் தல்மூதை ஏற்றவர்கள், பேச்சு தாத்தார்தான். மொழிப் பட்டியலை மட்டும் பார்த்து இவ்வளவும் முஸ்லிம்கள் என்று எழுதினால் பிழை. யிடிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) பேசியவர்களை மட்டும் எண்ணி இவ்வளவுதான் யூதர்கள் என்றாலும் பிழை, அது 55,000, ஆனால் கிரிம்சாக்குகள் அதற்குள் இல்லை.

கராயிம்களுக்கு அரசாங்கம் தனிச் சலுகை கொடுத்தது. யூதர்கள் இரட்டை வரி கட்டிய காலத்தில், 1795இல் இவர்களுக்கு அது தள்ளுபடி. 1827இல் படையில் சேர்ப்பதிலிருந்தும் விலக்கு. இவர்கள் யூதர்கள் அல்ல என்று தங்கள் தலைவர்களே ஆவணம் தேடித் தேடி வாதாடியதற்குப் பின்னால் இந்த வரிக்கணக்கும் இருந்தது. யார் எந்த இனம் என்று சொல்வதில் பணமும் பாதுகாப்பும் எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

படுவான்கரை

ஜேர்மனியர், பல்கேரியர் கேள்விக்கு நான் வருகிறேன். கொஞ்சம் நீளும், எனக்குக் காணிக் கதை என்றால் விடமுடியாது.

முதலில் பின்னணி. கிரிமியக் கானேற்று (கான் என்ற மன்னர் ஆண்ட தாத்தார் அரசு) துருக்கியின் உஸ்மானியச் சுல்தானுக்குக் கீழே இருந்தது. 1774இல் துருக்கியோடு நடந்த போரில் ரஷ்யா வென்று கானேற்றைச் சுல்தானின் பிடியிலிருந்து பிரித்தது, பெயருக்குச் சுதந்திரம். 1778இல் ஒரு வேலை செய்தார்கள், அதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துவிடும். கிரிமியாவில் இருந்த கிரேக்க, ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 31,000 பேரை ரஷ்யத் தளபதி சுவோரவ் கிளப்பி வடக்கே கொண்டுபோனார். கைவினையும் வியாபாரமும் தோட்டமும் அதிகம் அவர்கள் கையில் இருந்தது, கானுக்கு வரி வந்தது அவர்களிடமிருந்து. கிரேக்கர்கள் போய் உருவாக்கிய ஊர்தான் மரியூபோல். ஆர்மீனியர்கள் தொன் நதிக்கரையில் நகிச்செவானைக் கட்டினார்கள். அந்தக் கிரேக்கரில் ஒரு பகுதி கிரேக்கமே பேசமாட்டார்கள், தாத்தார் பேசிக்கொண்டுதான் தேவாலயத்துக்குப் போனார்கள். நானா சொன்ன பெட்டிக் கதைக்கு இது இன்னொரு சாட்சி.

1783இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் கிரிமியாவை அப்படியே சேர்த்துக்கொண்டார். நடத்தி வைத்தவர் அவருடைய நெருங்கிய அதிகாரி பொத்தியோம்கின். 1802இல் தவ்ரிதா தனி மாகாணமாகிறது, 1921 வரை அந்தப் பெயரில் இருந்தது. தாத்தார் குடியானவர்களைப் பண்ணையடிமை ஆக்கவில்லை, சட்டத்தில் சுதந்திரமான ஆட்கள். ஆனால் நிலம்? நல்ல நிலமெல்லாம் பிரபுக்களுக்கும் அதிகாரிகளுக்கும் தானமாகப் போனது. சொந்த நிலத்தில் கூலிக்கும் வாரத்துக்கும் நின்றவன் சுதந்திரமாக நின்றான், அவ்வளவுதான்.

இப்போது வடக்குப் புல்வெளி. அங்கே நொகாய் என்ற துருக்கிய இன மேய்ச்சல்காரர்கள். மலோச்னா ஆற்றுப் பக்கம் 1804இல் பிரஷ்யாவிலிருந்து மெனோனைட்டுகள் வந்து இறங்குகிறார்கள். ஜேர்மன் பேச்சு, கிறிஸ்தவத்தில் ஆயுதம் தொடாத பிரிவு. அரசாங்கம் கொடுத்த வாக்கு: குடும்பத்துக்கு 65 தெஸ்யாத்தின் நிலம் (எங்கள் கணக்கில் 175 ஏக்கர்), சில வருடம் வரி இல்லை, படைச்சேவை இல்லை. 175 ஏக்கர் என்றால் ஒருதரம் நினைத்துப் பாருங்கள், இங்கே ஐந்து ஏக்கர் வயல் வைத்திருப்பவன் போடியார் மாதிரி நடப்பான்.

ஆனால் ஒரு நிபந்தனை, அந்தக் காணியைத் துண்டுபோட முடியாது. ஒரு பிள்ளைக்குத்தான் போகும். முதல் தலைமுறையில் பிரச்சினை தெரியவில்லை. 1860கள் வரும்போது மலோச்னாவில் பெரும்பான்மைக் குடும்பங்களுக்குக் காணி இல்லை. அண்ணன் போடியார், தம்பி அவருடைய வயலில் கூலி. ஊர்ச்சபையில் வாக்கு காணி வைத்திருப்பவனுக்கு மட்டும் என்பதால் தம்பிக்கு வாயும் இல்லை. கடைசியில் அரசாங்கம் தலையிட்டு மேலதிக நிலத்தைப் பகிர வேண்டி வந்தது. பிறகு 1874இல் எல்லோரும் படைச்சேவை செய்யவேண்டும் என்று சட்டம் வந்ததும் ரஷ்யாவில் இருந்த மெனோனைட்டுகளில் மூன்றில் ஒரு பங்கு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்கள். போகும்போது குளிர்காலக் கோதுமை விதையைக் கொண்டுபோனார்கள், கான்சாஸ் மாநிலத்தில் அந்தக் கோதுமைதான் பேர் வாங்கியது.

பல்கேரியர் கதை வேறு. 1853 முதல் 1856 வரை கிரிமியப் போர், ரஷ்யாவுக்கு எதிரே துருக்கி, பிரித்தானியா, பிரான்ஸ். தாத்தார்கள் எதிரிக்கு உதவினார்கள் என்று சந்தேகம், வதந்தி, காணி நெருக்கடி, எல்லாம் சேர்ந்து 1860இலிருந்து இரண்டு மூன்று வருடத்துக்குள் தாத்தாரும் நொகாயும் இரண்டு இலட்சத்தை ஒட்டி துருக்கிப் பக்கம் கப்பலேறினார்கள். நொகாய்கள் வடக்கிலிருந்து அநேகமாக முழுதாகவே போய்விட்டார்கள். ஆளில்லாமல் கிடந்த அந்தக் கிராமங்களில்தான் 1861, 1862இல் பெஸ்ஸராபியாப் (இன்றைய மோல்டோவா) பக்கத்திலிருந்து பல்கேரியர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். நீங்கள் பார்த்த 41,000 பெரும்பாலும் அவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். அறுவடைக்கு ஆளில்லாமல் போனதும் அதே அதிகாரிகள் தாத்தார்களைப் போகவிடாமல் மறிக்கப் பார்த்தார்கள், அது தனிக் கூத்து.

ஆக 1897 அட்டவணையை நான் வாசிப்பது இப்படி. அது வெளியேறியவர்களுக்குப் பிறகு எடுத்த கணக்கு. 35 வீதம் என்பது தாத்தார்களின் ஆரம்பத் தொகை கிடையாது, ஒரு நூற்றாண்டாக ஆட்கள் கப்பலேறிய பிறகு மிஞ்சிய தொகை.

நடுநிலை_அக்கரை

எல்லாம் சரி, ஆனால் ஒருபக்கமாக எழுதவேண்டாம் பிள்ளைகளுக்கு. கானேற்றுப் படை இரண்டு மூன்று நூற்றாண்டு உக்ரேன், போலந்து, ரஷ்யப் பக்கமெல்லாம் குதிரையில் போய் ஆட்களைப் பிடித்து அடிமையாக விற்றது. இன்றைய ஃபியதோசியாதான் அந்தக் காலத்துக் கெஃபே, கருங்கடலின் பெரிய அடிமைச் சந்தை. அதையும் சொல்லாமல் ரஷ்யா வந்து அமைதியான நாட்டைப் பிடித்தது என்று எழுதினால் அதுவும் அரைக் கதை.

படுவான்கரை

சொல்லத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 1860இல் வள்ளம் ஏறின நொகாய் மேய்ப்பன் யாரையும் பிடித்து விற்கவில்லை. அவனுடைய பாட்டன் காலத்துக் கணக்கை அவனுடைய காணியில் எடுத்தார்கள்.

சம்மாந்துறை நானா

அக்கரைத் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது, எழுதுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். மிஞ்சியவர்கள் சும்மா அழுதுகொண்டு இருக்கவில்லை. இஸ்மாயில் காஸ்பிரின்ஸ்கி என்பவர், பக்சிசராய் நகரத்தின் மேயராக இருந்தவர், 1883இல் தர்ஜுமான் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருடமே புதுமுறைப் பள்ளிக்கூடம். அதற்கு முதல் பிள்ளைகள் வருடக்கணக்காக ஓதியும் தாய்மொழியில் ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் நின்றார்கள். இவர் எழுத்தை ஒலியாகப் பிரித்துப் படிப்பித்து, கணக்கும் பூமிசாத்திரமும் சேர்த்தார். அந்தப் பள்ளிக்கூட முறை வொல்காக் கரைக்கும் மத்திய ஆசியாவுக்கும் பரவியது. அரபுத் தமிழில் படித்து வந்த சமூகம் நாங்கள், எங்கள் வாப்பாமார் காலத்தில் ஓதப்பள்ளியா இங்கிலிசுப் பள்ளியா என்று நடந்த இழுபறி இன்னும் மறக்கவில்லை, அதனால் இந்த ஆளை வாசித்தபோது எனக்குத் தனிப் பிரியம்.

கல்லாற்றுக்காரன்

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைக்கு முன் குறிப்பை முடிக்கவேண்டும், அதனால் இரண்டு சின்னக் கேள்வி. ஒன்று, செவஸ்தபோல் தனி நிர்வாகம் என்று இருக்கிறதே, அந்தச் சனம் 1,447,790க்குள் சேர்த்தியா? இரண்டு, தேத்தண்ணிக் கடை ஆட்கள் கேட்டால் 1897க்குப் பிறகு எப்படி மாறியது என்று சுருக்கமாக என்ன சொல்வது?

வாவிக்கரை

சேர்த்திதான். செவஸ்தபோலுக்கும் கெர்ச்சுக்கும் கடற்படை, துறைமுகக் காரணத்தால் தனி நகர ஆளுநர் இருந்தார், ஆனால் மதிப்பீட்டு அட்டவணையில் தவ்ரிதாவுக்குள்தான் எண்ணியிருக்கிறார்கள். இதைக் கவனிக்கவேண்டிய காரணம் உண்டு. செவஸ்தபோல் முழுக்கக் கடற்படை ஊர், ரஷ்யப் பேச்சு. யால்டா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தாத்தார்கள், ஆனால் அரச குடும்பத்தின் லிவாதியா மாளிகை இருந்ததும் அங்கேதான், படம் பார்ப்பவர்களுக்கு மாளிகை மட்டும் தெரியும். ஒரே குடாநாட்டுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

இரண்டாவதுக்கு: 1921இல் தவ்ரிதா இல்லாமல் போகிறது, குடாநாடு சோவியத் ஆட்சிக்குள் தனியாகக் கிரிமியத் தன்னாட்சிக் குடியரசு. 1939இல் அங்கே 1,126,000 பேர், தாத்தார் 19.4 வீதம், ரஷ்யர் கிட்டத்தட்ட பாதி. 1941இல் ஜேர்மனியர்களை நாடுகடத்தினார்கள். 1944 மே 18 தாத்தார்கள் எல்லோரையும், பிள்ளை, கிழவி, சோவியத் செஞ்சேனையில் சண்டை பிடித்தவனின் வீடு என்று பாராமல், சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். அதிகமானோரை உஸ்பெகிஸ்தானுக்கு. அடுத்த மாதம் பல்கேரியர், கிரேக்கர், ஆர்மீனியர். அதாவது நீங்கள் 1897 அட்டவணையில் பார்த்து யார் இவர்கள் என்று கேட்ட அத்தனை பேரும் மூன்று வருடத்துக்குள் காலி. தாத்தார்கள் பெருமளவில் திரும்பியது 1980களின் கடைசியிலிருந்துதான்.

கடையில் அந்த இரண்டு பேரும் திரும்பச் சண்டை பிடித்தால் எந்த வருடம், எந்த எல்லை என்று மட்டும் கேளுங்கள். என்றைக்கும் ரஷ்யாக்காரனின் இடம் என்பவர் 1897ஐப் பார்க்கட்டும், குடாநாட்டில் ரஷ்யர்கள் தாத்தார்களை விடக் குறைவு. முழு முஸ்லிம் நாடு என்பவர் 1778க்கு முன் இருந்த அந்த 31,000 கிறிஸ்தவர்களை எங்கே வைப்பது என்று சொல்லட்டும்.

கல்லாற்றுக்காரன்

நல்லதுகா. குறிப்பில் இரண்டு நிரலாகப் போடுகிறேன், இடப்பக்கம் மாகாணம், வலப்பக்கம் குடாநாடு. நானா, காஸ்பிரின்ஸ்கிக்குத் தனிப் பெட்டி போடுகிறேன். படுவான்கரை, 65 தெஸ்யாத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் பாதி வகுப்பு ரஷ்யா போக வெளிக்கிடும்.

படுவான்கரை

மூத்த பிள்ளைகள் மட்டும் போகட்டும் சேர்.